நீர்ப்பிரம்மிக் கட்டுக்குள்ள கலந்து வாற செடிகள்: வாவிக்கரையிலயும் வயலிலயும் பிரிச்சறியிறது எப்படி?

#1 மூலிகைத்தட்டு (களுவாஞ்சிக்குடி)

மருந்துக்கு வாங்குற நீர்ப்பிரம்மி எண்டு கட்டிவாற கட்டுகளுக்குள்ள வேற செடியும் கலந்து வருது. மூண்டு மாதிரியை மேசையில விரிச்சு வச்சுத்தான் எழுதுறன், படமும் போட்டிருக்கன்.

மாதிரி அ: தடிச்ச இலை, விளிம்பில பல் இல்ல. தண்டு நிலத்தோட ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கு. பூ வெள்ளை, லேசான ஊதாச் சாயல். கல்லாற்றுப் பக்கம் மட்டக்களப்பு வாவிக்கரையில வெட்டினது.

மாதிரி ஆ: அதே கரை, அதே மாதிரி ஓடுற தண்டு. இலையில நுனிப் பக்கம் மட்டும் பல். பூ இன்னும் வரல்ல.

மாதிரி இ: வெல்லாவெளிப் பக்கம் வரவைக்குள்ள (வயல் பாத்திக்குள்ள) புடுங்கினது. சின்னச் செடி, ஊதாப் பூ, பூவுக்கு மேல ஒரு உதடும் கீழ ஒரு உதடும்.

வெட்டுற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு வழி வேணும். பச்சையில மட்டுமில்ல, காஞ்ச கட்டிலயும் பிடிபடுற அடையாளமா இருந்தா நல்லம். இலைட படத்த போன் ஆப்பில போட்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பேர் வருது.

#2 வரம்போரம் (கொக்கட்டிச்சோலை)

தம்பி, எங்க வெட்டினது எண்டதையும் சேர்த்து எழுதினது நல்லம். பாதி விடை அதிலயே இருக்கு. உப்புத்தண்ணி ஏறி இறங்குற வாவிக்கரையில நீர்ப்பிரம்மியோட கலக்கிற செடி வேற, நல்ல தண்ணி நிக்கிற வயலிலயும் குளத்தோரத்திலயும் கலக்கிறது வேற. நீர்ப்பிரம்மி ரெண்டு இடத்திலயும் நிக்கும். லின்டெர்னியா கூட்டத்துச் செடிகள் (வயலில முளைக்கிற சின்னப் பூண்டுகள்) உவரைத் தாங்காது. அதால முகத்துவாரம், கல்லாறு பக்கத்துக் கட்டில பொடுதலை எண்ட ஓடுற செடியைத் தேடுங்க. படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) வயல் கட்டில லின்டெர்னியாவைத் தேடுங்க.

மாதிரி அ நீர்ப்பிரம்மியேதான், பாக்கோபா மொனியேரி. ஆனா இலையை வச்சு அப்படிச் சொல்லல்ல. உங்கட 3ஆவது படத்தில பூவுக்குக் கீழ இருக்கிற பச்சைப் புல்லியைப் பெருப்பிச்சுப் பாருங்க. அஞ்சு புல்லியும் ஒரே அளவில்ல. வெளியில இருக்கிறது அகலமா முட்டை வடிவில இருக்கு, உள்ள ரெண்டு ஒடுங்கிக் கிடக்கு. புல்லிக்குச் சரி கீழ, காம்புட நுனியில, நூல் மாதிரி ரெண்டு சின்னப் பூவடிச்செதில். இந்த ரெண்டு செதிலும் லின்டெர்னியா கூட்டத்தில எதிலயும் கிடையாது.

பூ விழுந்தாலும் புல்லி விழாது. காய் முத்தும் வரைக்கும், காஞ்சு சாக்குக்குள்ள போன பிறகும் காயைச் சுத்திக்கொண்டே இருக்கும். அதால காஞ்ச கட்டுக்கும் அதே அடையாளம்தான்.

#3 செங்கலடி டீச்சர்

மாதிரி ஆ பொடுதலை, ஃபைலா நொடிஃபுளோரா. இது நீர்ப்பிரம்மிட குடும்பமே இல்ல, வெர்பெனா குடும்பம். எதிரெதிர் இலை, ஓடுற தண்டு, உவர் தாங்குற குணம் எல்லாம் ஒத்துப்போறதால பூ இல்லாத காலத்தில ஆக்கள் மாறி வெட்டுறாங்க.

பூ இல்லாட்டியும் பிரிக்கலாம். பொடுதலை இலை அடியில ஆப்பு வடிவில ஒடுங்கி, மேல் பாதியில மட்டும் கூரான பல் வச்சிருக்கும். நீர்ப்பிரம்மியில பல்லே இல்ல. இலையை விரலால மேலயும் கீழயும் தடவிப் பாருங்க. பொடுதலை லேசாச் சொரசொரக்கும். இலையோட படிஞ்சு கிடக்கிற குறு மயிர்தான் காரணம். 10 மடங்கு லென்சில பார்த்தா ஒவ்வொரு மயிரும் நடுவில ஒட்டி ரெண்டு பக்கமும் நீண்டு கிடக்கிறது தெரியும். நீர்ப்பிரம்மியில மயிர் ஒண்டுமே இல்ல. அதுட இலையில நடு நரம்பு மங்கலாத் தெரியும், பக்க நரம்பு கண்ணுக்குத் தெரியாது.

பூத்திட்டா ஆராய்ச்சியே தேவையில்ல. பொடுதலையில இலைக்கக்கத்தில இருந்து நீளக் காம்பு எழும்பி, நுனியில மணி மாதிரி ஒரு பூந்தலை நிக்கும். பூ வளையமா அடியில இருந்து மேல பூத்துக்கொண்டு போகும், தலையும் உருண்டையில இருந்து நீளும். நீர்ப்பிரம்மியில ஒரு கக்கத்துக்கு ஒரு பூ, தனிக் காம்பு.

#4 சம்மாந்துறையான்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மாதிரி இ பத்தி நான் சொல்றன், எங்கட வட்டையில (வயல்வெளியில) இது இல்லாத வரவை இல்ல.

முதல்ல இது ஒரு செடி இல்ல, ஒரு கூட்டம். முந்தி எல்லாத்தையும் லின்டெர்னியா எண்டே எழுதுவாங்க. 2013இல அந்தக் கூட்டத்தைப் பிரிச்சுப் பல செடிகளை பொனாயா, டொரேனியா, வண்டெல்லியா எண்டு மாத்திட்டாங்க. தேடும்போது பழைய பேரையும் புதுப் பேரையும் போட்டுத் தேடுங்க, இல்லாட்டி ஒரே செடிட படம் ரெண்டு இடத்தில பிரிஞ்சு கிடக்கும்.

வயலில அடிக்கடி காணுற நாலைச் சொல்றன்.

பொனாயா அன்டிபோடா: காம்பில்லாத நீட்டு இலை, விளிம்புப் பல் மழுங்கல், சில செடியில பல்லே இல்லாத மாதிரியும் இருக்கும். புல்லி அஞ்சும் ஒடுங்கி, ஒரே அளவில, அடிவரைக்கும் பிரிஞ்சிருக்கும். காய் ஊசி மாதிரி நீண்டு, புல்லியைப் போல ரெண்டு மூண்டு மடங்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும்.

பொனாயா சிலியாட்டா: காயும் புல்லியும் அன்டிபோடா மாதிரித்தான். வித்தியாசம் இலை விளிம்பில. பல் நெருக்கமா, ஒவ்வொரு பல்லுட நுனியிலயும் குறுமுள் மாதிரி ஒரு நீட்சி. இலைட அடி தண்டை அரைவாசி தழுவிப் பிடிச்சிருக்கும்.

டொரேனியா குரஸ்டாசியா: இலைக்குக் குட்டையாக் காம்பு இருக்கு, இலை முட்டை வடிவம். புல்லி பிரிஞ்சு கிடக்காது, கீழ்ப்பாதி ஒட்டி ஒரு குவளை மாதிரி, அஞ்சு விளிம்பு வரியோட இருக்கும். காய் குட்டை, அந்தக் குவளைக்குள்ளயே அடங்கிடும்.

லின்டெர்னியா ரொட்டுண்டிஃபோலியா: வட்ட இலை, காம்பில்ல, அடியில இருந்தே மூண்டு அஞ்சு நரம்பு பிரிஞ்சு போகும். வெள்ளைப் பூவில கருநீலப் புள்ளி. பூக்காம்பு இலையை விட நல்ல நீளம். இது அமெரிக்கப் பக்கத்தில இருந்து வந்தது. நீர்ப்பிரம்மியோட கூடுதலா மாறுறது இதுதான், வட்ட இலை ஓடிக் கிடக்கிறதால.

இப்ப தம்பி சொல்லுங்க, உங்கட மாதிரியில காய் நீளமா, குவளைக்குள்ள அடங்கிக் கிடக்கா?

#5 மூலிகைத்தட்டு

நன்றி காக்கா. காய் குட்டை, உள்ள அடங்கித்தான் இருக்கு. புல்லி ஒட்டி, அஞ்சு வரி தெரியுது. இலைக்கு 2, 3 மில்லிமீற்றர் காம்பு. அப்ப குரஸ்டாசியாவா? கேசரம் (பூவுக்குள்ள மகரந்தம் தாற இழை) எண்ணிப் பார்க்கச் சிலர் சொல்றாங்க, பூ அவ்வளவு சின்னதா இருக்கே, எப்படி எண்ணுறது?

#6 வரம்போரம்

குரஸ்டாசியாதான். கேசரத்தை எண்ணி உறுதிப்படுத்துங்க, லேசான வேலை.

காலையில பூ புதுசா விரிஞ்சிருக்கும்போது செய்யுங்க. அல்லிக் குழாயைப் பிடிச்சு மெல்ல இழுத்தா முழுசாக் கழண்டு வரும். கேசரம் அந்தக் குழாயிலதான் ஒட்டியிருக்கு, அதால கேசரமும் சேர்ந்து வந்திரும். செடியில புல்லியும் சூலகமும் (காயாகப் போற பகுதி) மட்டும் மிஞ்சும். மறுகா குழாயை ஒரு சொட்டுத் தண்ணியோட வெள்ளைச் சோசரில வச்சு, குண்டூசியால ஒரு பக்கம் மட்டும் கிழிச்சு விரியுங்க. கீழ் உதட்டுட நடுவால கிழிக்காதீங்க. அங்கதான் பார்க்க வேண்டிய ரெண்டு இழையும் இருக்கு, கிழிஞ்சா எண்ணிக்கை பிழைக்கும். பக்கவாட்டில கிழியுங்க.

டொரேனியா குரஸ்டாசியாவில நாலும் மகரந்தம் உள்ள கேசரம். மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஒவ்வொரு சோடியிலயும் மகரந்தக்கூடு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கும். கீழ்ச் சோடிட இழை அடியில சின்னப் பல் மாதிரி ஒரு துருத்தல் இருக்கும். பொனாயா ரெண்டிலயும் மேல் ரெண்டு மட்டும்தான் மகரந்தம் தரும். கீழ் ரெண்டும் மலடு.

புதுசாப் பார்க்கிறவங்க இடறி விழுறதும் இங்கதான். பொனாயாட மலட்டு இழை மஞ்சளாத் துருத்திக்கொண்டு நிக்கும், அதையும் சேர்த்து நாலு எண்டு எண்ணிடுவாங்க. சந்தேகம் எண்டா அந்த இழை நுனியை ஊசியால ஒரு கறுப்புக் கடதாசியில ஒத்தி எடுங்க. தூள் படிஞ்சா கேசரம், படியாட்டி மலடு.

லென்ஸ் இல்லாட்டி போன் கமராவுக்கு முன்னால ஒட்டுற மக்ரோ லென்ஸ் போதும். வெயிலுக்கு நேர படம் எடுக்காதீங்க, வெள்ளைப் பூ வெளிறி உள்ள ஒண்டும் தெரியாது. குடைக்குக் கீழ வச்சு எடுங்க.

#7 கல்லடிக் காற்று

இதெல்லாம் மேசையில இருந்து செய்யலாம். வாவிக்கரையில முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு வெட்டுற ஆள் ஊசியும் சோசரும் கொண்டு போவாரா? இலை தடிப்பு, மினுக்கம், கசப்பு, இந்த மூண்டும் போதும் எண்டு நான் சொல்றன்.

#8 வரம்போரம்

கல்லடி அண்ணன், இலை தடிப்பு தண்ணியைப் பொறுத்து மாறும். வெயிலில ஈர மணலில ஓடுற நீர்ப்பிரம்மிக்கு இலை தடிச்சுக் குட்டையா இருக்கும். அதே செடியை மாரித் தண்ணி மூடினா தண்டு நிமிர்ந்து, கணுவிடை நீண்டு, இலை மெலிஞ்சு போகும். நிழலிலயும் அப்படித்தான். தடிப்பை மட்டும் சொல்லிக் குடுத்தா மாரியில நல்ல நீர்ப்பிரம்மியை எறிஞ்சிட்டு, பொடுதலையைக் கட்டிக் கொண்டு வருவாங்க.

கசப்பு நல்ல அடையாளம்தான், ஒத்துக்கொள்றன். ஆனா வடிகாலோரச் செடியை வாயில வைக்கச் சொல்லாதீங்க.

#9 செங்கலடி டீச்சர்

ரெண்டு பேரும் சொல்றது ஒண்டுக்கொண்டு மோதல்ல. வெட்டுற ஆளுக்கு ரெண்டு விதி போதும்: பல் இருக்கிற இலையைக் கட்டாதே, காயோ பூவோ இல்லாத கொடியைக் கட்டாதே. ரெண்டாவது விதிதான் பெறுமதி. காய் இருந்தாத்தான் கட்டு வந்த பிறகு மேசையில இருக்கிறவர் புல்லியைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஊசியும் லென்சும் அவர்ட வேலை.

#10 சம்மாந்துறையான்

டீச்சர் சொன்னது சரி. ஒரு விசயம் கூட்டிச் சொல்றன். லின்டெர்னியா கூட்டத்துச் சூலக நுனி ரெண்டு தட்டையான இதழ் மாதிரி விரிஞ்சிருக்கும். புல் நுனியால மெல்லத் தொட்டா ரெண்டும் மூடிக்கொள்ளும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை, இனம் பிரிக்க மட்டும் உதவாது.

#11 பனிநாட்டுப் போடி (கனடா)

இந்தப் பேச்சு சுவாரசியமா இருக்கு. எனக்கும் இதே சாயல்ல ஒரு கேள்வி. இங்க மேற்கு மாகாணங்களில ரோட்டோரம் லினாரியா எண்டு மஞ்சள் பூச் செடி, பூவுக்குப் பின்னால வால் மாதிரி ஒரு நீட்சி. ரெண்டு இனம் இருக்காம், ரெண்டையும் ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலில வச்சிருக்காங்க. எப்படிப் பிரிக்கிறது?

#12 செங்கலடி டீச்சர்

நீர்ப்பிரம்மிட சொந்தக்காரிதான் அது. ரெண்டும் இப்ப ஒரே குடும்பம், பிளான்டஜினேசியே. லின்டெர்னியா கூட்டம் முந்தி இவங்களோட ஒண்டா இருந்து, இப்ப தனிக் குடும்பமாப் போயிட்டு.

லினாரியா வல்காரிஸ்: இலை புல் மாதிரி ஒடுக்கம், அகலம் சில மில்லிமீற்றர்தான், தண்டைத் தழுவாது. லினாரியா டல்மாட்டிக்கா: இலை அகலம், மெழுகு பூசின நீலப் பச்சை, அடி தண்டைத் தழுவிப் பிடிக்கும், செடியும் உயரம். பூவை வச்சுப் பிரிக்கப் பார்க்காதீங்க. ரெண்டும் மஞ்சள், கீழ் உதட்டில செம்மஞ்சள் வீக்கம் வாயை அடைச்சிருக்கும், பின்னால நீளக் குழல். வித்தைப் பாருங்க. வல்காரிஸ் வித்து தட்டை வட்டு, சுத்திவரக் கடதாசி மாதிரிச் சிறகு. டல்மாட்டிக்கா வித்து கோணல், விளிம்பு ஒடுக்கம்.

இலை இடைத்தரமா, ரெண்டிலயும் சேராத மாதிரி இருந்தா ஆச்சரியப்படாதீங்க. ரெண்டும் கலந்து கலப்பினம் உண்டாகும், அது வித்தும் வைக்கும். வட அமெரிக்காவில இது உறுதிப்பட்ட விசயம். பூ வர முதல் வல்காரிஸை யூபோர்பியா எசுலா எண்ட களையோட மாத்திடுவாங்க. தண்டை ஒடியுங்க, பால் வந்தா அது யூபோர்பியா. லினாரியாவில பால் இல்ல.

#13 பனிநாட்டுப் போடி

பால் சோதனை கைக்கு லேசு. நன்றி டீச்சர்.

#14 மூலிகைத்தட்டு

திரும்ப என்ட கேள்விக்கு வாறன். காஞ்ச சாக்கை எப்படிச் சோதிக்கிறது? முழுச் சாக்கையும் கொட்டிப் பார்க்க ஏலாது.

#15 வரம்போரம்

சாக்குட மேல், நடு, அடி, மூண்டு இடத்திலயும் ஒவ்வொரு கைப்பிடி எடுங்க. மேல் கைப்பிடியை மட்டும் நம்பாதீங்க. சின்னக் காயும் உதிர்ந்த இலையும் அடியில இறங்கிடும், லின்டெர்னியாவும் பொடுதலைத் தூளும் கூட அங்கதான் கிடக்கும். கைப்பிடியை இளஞ்சூட்டுத் தண்ணியில 20 நிமிசம் போட்டா காய்ஞ்ச புல்லி விரிஞ்சு பழைய வடிவுக்கு வரும். வெள்ளைத் தட்டில பரப்புங்க.

பிறகு காய் உள்ள கொடியா எடுத்துப் பாருங்க. அகலமான வெளிப்புல்லியும் அதுக்குக் கீழ ரெண்டு செதிலும் இருந்தா நீர்ப்பிரம்மி. காய் முட்டை வடிவம், நுனி கூர், சுமார் 5 மில்லிமீற்றர், புல்லிக்குள்ள அடங்கும். வரியுள்ள குவளைப் புல்லி எண்டா டொரேனியா. ஊசிக்காய் வெளிய நீண்டா பொனாயா. மணி மாதிரித் தலை உடைஞ்சு கிடந்தா பொடுதலை.

காய வைக்கிற விதமும் முக்கியம். இதுட இலை தண்ணி கூடினது, குவிச்சு வச்சா நடுவில சூடேறி கறுத்து பூஞ்சணம் பிடிக்கும். நிழலில, காத்தோட்டத்தில, ரெண்டு விரல் தடிப்புக்கு மேல போகாமப் பரப்பி, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் புரட்டுங்க. நறுக்கின கட்டை வாங்காதீங்க. நறுக்கினா காயும் இலையும் பிரிஞ்சு போய், எது எதுட காய் எண்டு சொல்ல ஏலாது. ஒரு சாண் கொடியா வரச் சொல்லுங்க.

#16 கல்லடிக் காற்று

தண்ணியில போட்டுக் குலுக்கினா நுரை வருதா எண்டு பார்க்கிறாங்களே, அது?

#17 சம்மாந்துறையான்

நுரை வாறது சபோனின் எண்ட பொருளால. நீர்ப்பிரம்மியில அது இருக்கு, வல்லாரையிலயும் இருக்கு, இன்னும் எத்தனையோ செடியில இருக்கு. நுரை வராட்டி சந்தேகப்படலாம், வந்தா ஒண்டும் தீராது.

அதை விட முக்கியம் வெட்டுற இடம். நீர்ப்பிரம்மி சேத்திலயும் தண்ணியிலயும் இருக்கிற காட்மியம், ஈயம், குரோமியம் மாதிரி உலோகத்தை உறிஞ்சி உடம்பில சேர்த்து வைக்கிற செடி. அழுக்குத் தண்ணி சுத்தப்படுத்தவே இதை வச்சுச் சோதிச்சிருக்காங்க. கராஜ் வடிகால், சந்தை வடிகால், பட்டணத்துக் கழிவு வாய்க்கால் வாவியில விழுற இடம், இதுகளில செடி கொழுத்துப் பசேலெண்டு நிக்கும். அங்க வெட்டவே கூடா. கழுவினாலும் போகாது, அது இலைக்குள்ள இருக்கு. களைநாசினி அடிச்ச வயலுட வடிச்சல் வாய்க்காலும் அப்படித்தான்.

#18 உன்னிச்சைக் கட்டு

குளத்துப் பக்கம் இன்னொண்டும் கலக்கும், லிம்னோஃபிலா. கசக்கி மணந்தா கற்பூரம், டேர்பன்டைன் மாதிரி வாசம் தூக்கும். நீர்ப்பிரம்மியில அந்த வாசம் இல்ல. தண்ணிக்குள்ள இருக்கிற இலை நூல் நூலாக் கிழிஞ்சு, கணுவைச் சுத்தி வட்டமா நிண்டா யோசிக்கவே வேண்டாம்.

அதுக்குள்ள இனம் பிரிக்கிறதெண்டா பூக்காம்பைப் பாருங்க. லிம்னோஃபிலா இண்டிகாவில பூவுக்குத் தெளிவான காம்பு, செதிலும் உண்டு. செசிலிஃபுளோராவில பூ கக்கத்திலயே ஒட்டின மாதிரி குந்தியிருக்கும்.

#19 வெல்லாவெளி விதானை

கேட்டுக்கொண்டிருந்தன். வயல்காரனுக்கு இதில என்ன இருக்கு? ஊதாப் பூப் பூண்டு எல்லாம் ஒண்டுதானே, மருந்தடிச்சாச் சாகும்.

#20 சம்மாந்துறையான்

எல்லாத் தரமும் சாகாது விதானை. ஜப்பான் வயல்களில லின்டெர்னியா கூட்டத்துச் சில இனங்கள் சல்ஃபோனைல்யூரியா வகைக் களைநாசினிக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது 1990களிலயே பதிவாகியிருக்கு. ஒரே வகை மருந்தைப் போகத்துக்குப் போகம் அடிச்சா தப்பிற செடிட வித்துத்தான் மண்ணில நிறையும். இதுகளுட வித்து தூசி மாதிரி, ஒரு காய்க்குள்ள எக்கச்சக்கம். அடிச்ச பிறகு மிஞ்சி நிக்கிறது எந்த இனம் எண்டு தெரிஞ்சாத்தான் மருந்தை மாத்துறதா, கையால புடுங்குறதா எண்டு தீர்மானிக்கலாம்.

மத்தப்படி நெல் கிளைச்சு மூடின பிறகு வாற இந்தக் குட்டைச் செடிக்கு மருந்து செலவழிக்கிறது வீண் எண்டுதான் என்ட அபிப்பிராயம். நெல் சப்பி, கோரை மாதிரிக் களைகள் செய்ற சேதத்துக்கு இது கிட்டவும் வராது.

#21 மூலிகைத்தட்டு

இன்னைக்கு வந்த கட்டில நாலாவது ஒண்டு. ஒடுங்கின எதிரெதிர் இலை, வெள்ளைப் பூ, சின்னக் காய். நீள ஊசிக்காய் இல்ல, குவளையும் இல்ல. காயுட தலையில நாலு பல் நிக்குது. பொனாயாவா?

#22 செங்கலடி டீச்சர்

பூவிதழை எண்ணுங்க தம்பி, நாலாத்தான் இருக்கும். நீங்க எழுதினதிலயே விடை இருக்கு: புல்லி காயுட அடியில இல்ல, தலையில. இங்க இதுவரைக்கும் பேசின எல்லாச் செடியிலயும் சூலகம் புல்லிக்கு மேல இருக்கும், காயைப் புல்லி கீழ இருந்து தாங்கும். இதில சூலகம் புல்லிக்குக் கீழ. எதிர் இலை ரெண்டுக்கும் நடுவில, தண்டோட ஒட்டி, மயிர் நுனியுள்ள சின்னச் செதில் ஒண்டும் தெரியும், லென்சில பாருங்க. அது பற்படாகம், ஓல்டன்லாண்டியா கோரிம்போசா, கோப்பிட குடும்பம். அதுவும் மருந்துச் செடிதான், எறிய வேண்டாம், தனியாக் கட்டி வையுங்க.

#23 மூலிகைத்தட்டு

செதில் தெரியுது, இதழும் நாலு. தனிக் கட்டுக்குப் போட்டாச்சு.